சான்வேரோ வளைவோடு போட்ட பேரம்

சான்வேரோ என்ற மலையூரில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஊர் மொத்தமும் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும் நேரத்தில், வீட்டுச் சுவர்களுக்குள் இருந்த பழைய ரோமானியக் கற்கள் ஒவ்வொன்றாக எழுந்து தாங்கள் பெயர்க்கப்பட்ட இடத்துக்கே திரும்பிப் போகத் தொடங்கிவிட்டன என்று என் மச்சினன் நாச்சிமுத்து இத்தாலியிலிருந்து போனில் சொன்னபோது, நான் கேட்டது ஒரே கேள்விதான்: "அது கிடக்கட்டும் மாப்ளே, நீ எப்பத் திரும்பி வர்றே?"

நாச்சிமுத்து என் மனைவி தெய்வாத்தாவின் தம்பி. காங்கேயத்துப் பக்கம் மாட்டுத் தரகு பார்த்த குடும்பம் எங்களுடையது. மாட்டில் வயிறு நிறையாது என்று தெரிந்ததும் நான் பழைய தறிகளுக்கு மாறினேன். இத்தாலியில் மூடிக் கிடக்கும் மில்லுகளில் தறிகளைக் கழற்றிக் கப்பலேற்றிச் சோமனூரிலும் பல்லடத்திலும் விற்பது. பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு என்னைத் துரத்திவிட்டது, மிச்சப் பாடத்தை என்னை ஏமாற்றியவர்கள் நடத்தினார்கள். முப்பத்தைந்து வருடத்துக்கு முன்னால் அப்படித்தான், தறியைக் கழற்றி மறுபடி மாட்டத் தெரிந்த நாச்சிமுத்துவைக் கூட்டிக்கொண்டு சான்வேரோவுக்கு முதல்முறை போனேன். மில்லுக்காரருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவர் பாஷை தெரியாது, அதனால் சண்டை சுத்தமாக இருந்தது.

அப்போது அந்த ஊர் நுழைவில் ரோமானியர் கட்டிய வளைவு ஒற்றைக் காலில் நின்றது. இன்னொரு கால் இருந்த இடத்தில் யாரோ ஆடு கட்டியிருந்தார்கள். அதற்குப் பின்னால் நாடக அரங்கம் என்று சொன்னார்கள், போய்ப் பார்த்தால் அரைவட்டக் குழி, குழிக்குள் முட்டைக்கோஸ். திராட்சைத் தோட்டத்துக்கு நடுவே தண்ணீர்ப் பாலத்தின் தூண்கள் சில, பாலமும் இல்லாமல் தண்ணீரும் இல்லாமல் நின்றன, அவற்றுக்கிடையே கட்டிய கயிற்றில் துணி காய்ந்தது. மிச்சக் கல்லெல்லாம் எங்கே என்றால், ஊர்க்காரர்கள் கூச்சமே இல்லாமல் தங்கள் வீடுகளைக் காட்டினார்கள்: ஆயிரத்துச் சொச்சம் வருடமாக யாருக்குக் கல் தேவையோ அவர்கள் போய்ப் பெயர்த்து வந்திருக்கிறார்கள், இவன் வீட்டு மூலையில் அரங்கத்தின் இருக்கை, அவள் தொழுவத்தில் தூணின் தலை, மாதா கோயிலில் தீர்த்தம் வைக்கிற தொட்டிகூட எங்கிருந்தோ வந்ததுதான். இடிந்ததைப் பார்க்க எனக்கு நேரமில்லை. நான் தறி பார்க்க வந்தவன்.

கடைசித் தறியும் பெட்டிக்குள் போய் லாரி உறுமிக்கொண்டு நின்றபோது நாச்சிமுத்து ஏறவில்லை. "நீங்க முன்னால போங்க மச்சான், நான் அடுத்த வண்டியில வாறேன்," என்றான். அவனுக்குப் பின்னால், நூல் சுற்றுகிற பகுதியில் வேலை பார்த்த அசுந்தா என்ற பெண், ஆடு கட்டியிருந்த கல்லில் சாய்ந்துகொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்த அடுத்த வண்டி முப்பத்தைந்து வருடமாக வரவில்லை.

அவன் கட்டிக்கொண்ட அசுந்தா நல்லவள் என்று கேள்வி. அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். அதெல்லாம் தெய்வாத்தாவின் கோபத்தைக் குறைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் பொறந்தவன் சீர்த்தட்டோடு அக்கா வாசலுக்கு வரவேண்டும், நல்லதுக்கும் கெட்டதுக்கும். எங்கள் வீட்டு விசேஷம் ஒவ்வொன்றிலும் தம்பி நிற்க வேண்டிய இடத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு அதில் யாரையும் உட்கார விடாமல் அவள் காவல் காத்தாள். "நீயாவது ஒருக்கா போய்ப் பாத்துட்டு வாவேன்" என்றால், "மூத்தவ நான் எதுக்குங்க அவனைத் தேடிப் போகோணும், அவந்தான் வரோணும்," என்பாள். இதில் நான் எத்தனையோ தடவை பேரம் பேசிப் பார்த்தேன். அவளிடம் என் பேரம் படிந்ததில்லை.

அப்புறம் அவள் கண் மங்கத் தொடங்கியது. கண்ணுக்குள் அழுத்தம் என்றார் கோயமுத்தூர் டாக்டர். ஓரத்திலிருந்து இருட்டு உள்ளே வரும், நடுவில் மட்டும் கொஞ்ச காலம் வெளிச்சம் இருக்கும், பிறகு அதுவும் மூடிக்கொள்ளும் என்றார். எவ்வளவு காலம் என்று கேட்டேன். ஒரு வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார். செல்போன் திரையில் தம்பி முகத்தைக் காட்டினால் அவளுக்கு அது ஈரத் துணியில் பட்ட கறைபோலத்தான் தெரிந்தது. அன்றைக்குச் சாப்பிடும்போது என் தட்டைப் பார்த்தபடி சொன்னாள்:

"கண்ணு இருக்கறப்பவே அவன் மூஞ்சியப் பாக்கோணுங்க. போய்க் கூட்டிக்கிட்டு வாங்க. வரமாட்டேன்னா கட்டித் தூக்கிட்டு வாங்க."

இப்படித்தான் நான் ரெண்டாம் முறை சான்வேரோ போனேன்.

பஸ் திருப்பத்தில் திரும்பியதும் வளைவைப் பார்த்தேன். ரெண்டு காலோடு நின்றது. ஒரு காலத்தில் பெரிய மனிதனாக இருந்து, நடுவில் நொடித்துப்போய், திரும்பவும் தலையெடுத்தவன் ஒருவன் வாசலில் நிற்பது மாதிரி, யாரையும் பார்க்காமல், எல்லாரும் தன்னைப் பார்க்கட்டும் என்று நின்றது. அதன் உச்சியில் மட்டும் ஒரு கல் இல்லை. அந்த இடைவெளி வழியாக வானம் தெரிந்தது. கட்டடம் கட்டியவன் யாரைக் கேட்டாலும் சொல்வான், வளைவுக்கு உச்சிக்கல்தான் உயிர், அது இல்லாவிட்டால் ரெண்டு பக்கமும் சரிந்து விழும். இது விழவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவன்போல நின்று காத்திருந்தது. அரங்கத்தில் முட்டைக்கோஸ் இருந்த இடத்தைச் சுற்றி இருக்கைகள் வரிசை வரிசையாக எழுந்து உட்கார்ந்திருந்தன. தண்ணீர்ப் பாலம் திராட்சைத் தோட்டத்தைத் தாண்டி மலைமேல் ஏறிப் போயிருந்தது. தண்ணீர் இன்னும் வரவில்லை, ஆனாலும் பாலம் முடிகிற இடத்தில் பெண்கள் வாளிகளை வரிசையாக வைத்திருந்தார்கள், வந்தால் வரவேற்க ஆளில்லாமல் போய்விடக் கூடாதே என்று.

ஏன் இப்படி நடக்கிறது என்று ஊரில் யாரும் கேட்டுக்கொள்வதில்லை. ஆரம்பத்தில் கேட்டார்களாம். முனிசிபாலிட்டிக்காரர்கள் கற்களைச் சங்கிலி போட்டுக் கட்டினார்கள். தூங்கி எழுந்து பார்த்தால் கல் போயிருந்தது, சங்கிலி அழகாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. எங்கிருந்தோ அறிஞர்கள் வந்து அளந்துவிட்டு, அளந்தது சரிதானா என்று சண்டை போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். பிறகு ஊர் தன் வேலையைப் பார்க்க ஆரம்பித்தது. அடுப்பு விறகு அடுக்குவதுபோல ஒவ்வொரு வீட்டிலும் செங்கல் அடுக்கி வைத்தார்கள், ஒரு கல் கிளம்பினால் அந்தப் பொந்தை அன்றைக்கே அடைக்க. ரொட்டி சுடுகிற தோனாட்டாவின் அடுப்பு வாயிலிருந்து ஒரு கல் கிளம்பிப்போனதும் அடுப்பு ஒரு பக்கம் சாய்ந்து ரொட்டி கோணலாக வெந்தது, கொஞ்ச நாளில் ஊர் கோணல் ரொட்டிக்குப் பழகி, இப்போது நேரான ரொட்டியை யாரும் தொடுவதில்லை. தீர்த்தத் தொட்டி அரங்கத்துக்குத் திரும்பிப் போனபோது பாதிரியார் அதன் இடத்தில் ஒரு எனாமல் வட்டிலை வைத்தார், பாவம் கழுவ அது போதும் என்றார். பெண் கேட்டு வருகிறவர்கள், வீட்டில் இன்னும் எத்தனை ரோமானியக் கல் பாக்கி என்று விசாரித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள்.

ரெண்டு மரியாதைகள் மட்டும் கட்டாயம். ஒன்று, கல் போவதை யாரும் பார்ப்பதில்லை. பார்க்கக் கூடாதென்று சட்டம் ஒன்றும் இல்லை, ஆனால் நீண்ட நாள் இருந்துவிட்டுக் கிளம்புகிறவரை வெறித்துப் பார்ப்பது நாகரிகம் இல்லையே, அதனால் மதியத்தில் தூக்கம் வராதவர்கள்கூட கண்ணை மூடிப் படுத்துக்கொண்டார்கள். ரெண்டாவது, கல் கிளம்புகிற அன்று அந்த வீட்டில் வீட்டு ஆள் இருக்கவேண்டும். ஆளில்லாத வீட்டுக் கல் ஒன்று வழி தவறிப் பக்கத்து ஊர் பெட்ரோல் பங்கில் போய் நின்றுவிட்டது. போகிறவர் வருகிறவரெல்லாம் அதன்மேல் காலை வைத்து ஷூ கட்டினார்களாம். பிறகு பாண்டு வாத்தியத்தோடு போய் அதை அழைத்து வந்தார்கள். இப்போதும் அரங்கத்தில் அந்த இருக்கை மட்டும் கொஞ்சம் தள்ளித்தான் உட்கார்ந்திருக்கும், கோபம் இன்னும் தீரவில்லை என்கிறார்கள்.

நாச்சிமுத்து வாசலில் நின்றிருந்தான். தலை நரைத்து, மீசையை மழித்து, எங்கள் ஊர்ப் பழக்கத்தில் தோளில் மட்டும் ஒரு துண்டு. முப்பத்தைந்து வருடமாக நான் மனதுக்குள் தயார்செய்து வைத்திருந்த வசவுகளில் ஒன்றைக்கூட எடுக்க முடியாமல் நான் நிற்க, அவன் கையை நீட்டி என்னை நிறுத்தினான்.

"படியை மிதிச்சுப்போடாதீங்க மச்சான். தாண்டி வாங்க."

அது அசுந்தாவின் பாட்டன் பூட்டன் காலத்து வீடு. வாசற்படியாகக் கிடந்த கல் மேலே அகன்று கீழே குறுகியது, ஆப்பு மாதிரி. வளைவின் உச்சிக்கல் அதுதான். ஊரில் மற்றக் கல்லெல்லாம் போய்விட்டது, இது ஒன்றுதான் பாக்கி.

"இது கிளம்பற வரைக்கும் நான் இங்கெருந்து நகரமுடியாதுங்க," என்றான் நாச்சிமுத்து, காப்பியை என் முன்னால் வைத்து. "அசுந்தா கேட்டுக்கிட்டா. அவ ஆளுக யாருமில்லை, நான் ஒருத்தன்தான் வீட்டாளு. நான் எந்திரிச்சு வந்துட்டா இது பெட்ரோல் பங்குக்குப் போயிரும். வளைவு இப்படியே நிக்கும்."

"வளைவு நின்னா உனக்கென்ன, படுத்தா உனக்கென்ன? உங்கக்கா கண்ணு போயிட்டிருக்குது."

"தெரியுமுங்க."

"தெரிஞ்சு என்னத்துக்கு? வருசம் ஒன்னுதான்னு சொல்லிட்டான் டாக்டரு."

அவன் மேசைமேல் கோணல் ரொட்டியைத் துண்டு துண்டாகப் பிய்த்தான், தின்னவில்லை. பிறகு சொன்னான்: "கல்லுப் போன அன்னைக்கே கிளம்பிருவேன் மச்சான். அதுக்கு மறுபேச்சில்லை."

"அது எப்பப் போகும்?"

"அதுக்குத்தான் தெரியும்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் படியையே எட்டி உதைத்திருப்பேன், உதைத்தால் கால்தான் போகும் என்ற புத்தி இருந்ததால் விட்டேன். பேரத்தில் ஒரு விஷயம் எனக்குத் தெரியும்: வேலைக்காரனிடம் பேசிப் பிரயோஜனம் இல்லை, முதலாளியிடம் போகவேண்டும். மறுநாள் மதியம், ஊர் சாப்பிட்டுவிட்டுச் சாத்திக்கொண்டதும், தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வளைவிடம் நடந்தேன்.

வெயில் கல்லின்மேல் நெய் மாதிரி உருகி வழிந்தது. ஒரு பூனை, ஒரு ஸ்கூட்டர், ரெண்டும் தூங்கின. வளைவின் கீழே நின்று, முதல் தடவை வந்தபோது ஏறிட்டும் பார்க்காத அதை அன்றைக்குத்தான் அடியிலிருந்து நுனிவரைக்கும் பார்த்தேன். எத்தனை வீட்டு அடுப்புப் புகை, எத்தனை தொழுவத்துச் சாணம், எத்தனை பேர் முதுகு சாய்ந்த வழவழப்பு ஒவ்வொரு கல்லிலும், எல்லாவற்றையும் கழுவாமல் அப்படியே எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்திருந்தன. பார்க்கப் பார்க்க மரியாதை வந்தது. மரியாதை வந்தால் எனக்கு வாய் நிற்காது.

"இத்தனை காலம் ஒத்தக் கால்ல நின்னே, அப்பெல்லாம் அவசரம் இல்லை. இப்ப ஒரே ஒரு கல்லுக்கு ஒரு மனுசனைக் கட்டிப்போட்டு வெச்சிருக்கிறே. எடுக்கறதுன்னா எடு, இல்லீன்னா வேண்டாம்னு சொல்லு. அங்கே ஒருத்திக்குக் கண்ணு மூடிட்டிருக்குது. எப்ப எடுத்துக்கறே, அதச் சொல்லு."

அதன் இடது காலில், என் நெஞ்சு உயரத்தில் ஒரு பொந்து இருந்தது. அந்தக் காலத்தில் கல்லோடு கல்லைப் பிணைத்து வைத்த இரும்பை எவனோ தோண்டி எடுத்துப்போன பொந்து, கை நுழையும். நான் துண்டை அதன்மேல் போர்த்தினேன், விரலைப் பிடித்தே விலை பேசுகிற கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் என் அப்பன் போர்த்தியதுபோல, பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாதபடி, அடியில் கையை விட்டேன்.

உள்ளே ஒரு கை இருந்தது. அகலமான கை, தோல் காய்த்துப்போன கை, கிணற்றுக்குள் இருப்பதுபோல் குளிர்ந்தது. என் விரல் அஞ்சையும் சேர்த்துப் பிடித்தது.

அஞ்சு என்கிறது. நான் கையை உதறினேன். அதன் ஆள்காட்டி விரலை மட்டும் பிடித்து அழுத்தினேன்: ஒன்று. அது அசையவில்லை, அசையாமல் இருப்பதுதான் நல்ல பேரக்காரன் செய்வது, எனக்கு அதன்மேல் ஒரு பிடிப்பே வந்துவிட்டது. பிறகு நாலு விரலைப் பிடித்தது. நான் துண்டை உருவப்போகிற மாதிரி ஒரு இழுப்பு இழுத்தேன், போய்விடுவேன் என்று காட்ட. அது விடவில்லை. ரெண்டு என்றேன். அது யோசித்தது, அதன் யோசனை என் முழங்கை வரைக்கும் குளிராக ஏறியது. மேலே உச்சியில் ஒரு புறா வந்து அந்த இடைவெளியில் உட்கார்ந்து, கீழே பார்த்து, போய்விட்டது. அப்புறம் வளைவு என் மூன்று விரலைச் சேர்த்து மெதுவாக அழுத்தியது, மாடு விற்கிறவன் இதுக்குக் கீழே என்னால் முடியாது என்று சொல்கிற அழுத்தம். நானும் திருப்பி அழுத்தினேன். கையோடு கை சேர்ந்தது. படிந்தது பேரம்.

நாச்சிமுத்து அப்போதுதான் தூங்கி எழுந்து முகம் கழுவிக்கொண்டிருந்தான். நான் சிரிப்பை அடக்கமுடியாமல் படியைத் தாண்டினேன்.

"மாப்ளே, பொட்டியக் கட்டு. அஞ்சுல ஆரம்பிச்சுது, மூணுக்குக் கொண்டாந்துட்டேன்."

நடந்ததை எல்லாம் சொன்னேன். அவன் ஆச்சரியப்படவில்லை, அந்த ஊரில் அது வழக்கமில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டுக் கேட்டான்:

"மூணு என்னங்க?"

"என்ன மூணு என்ன?"

"உங்கப்பாரு மாட்டுச் சந்தையில கையப் போடுறதுக்கு முன்னால வாயால ஒன்னு சொல்லுவாருங்களே. பத்துலயா, நூத்துலயா, ஆயிரத்துலயான்னு. விரலு எத்தனைன்னுதான் சொல்லும், எதுலன்னு சொல்லாது. நீங்க நாள்ல கேட்டீங்களா, மாசத்துலயா, வருசத்துலயா?"

அந்த ஒரு வார்த்தையை நான் சொல்லவில்லை. கோபத்தில் மறந்துபோனேன். சந்தைக்கு முதன்முதலாக வருகிற பையன்கூடச் செய்யாத தப்பு.

"அது ரெண்டாயிரம் வருசமா நின்னுட்டிருக்குதுங்க மச்சான்," என்றான் நாச்சிமுத்து மெதுவாக. "அது நூத்துலதான் எண்ணும்னு தோணுது."

திரும்பப் போய்க் கேட்கலாமே என்று நினைப்பீர்கள். கை சேர்ந்த பேரத்தை மறுபடி பிரிப்பது எங்கள் பக்கத்தில் கிடையாது, அப்படிப் பிரித்தவன் கையை அப்புறம் யாரும் துண்டுக்குள் சேர்ப்பதில்லை. ஊருக்குள் செய்தி பரவியது. தோனாட்டா மாவுக் கையோடு வந்து விவரம் கேட்டாள், நாச்சிமுத்து அவள் பாஷையில் சொன்னான், அவள் என்னை ஏற இறங்கப் பார்த்து ஏதோ சொல்ல, நாச்சிமுத்து சிரித்தான்.

"என்ன சொல்றா?"

"இவருகிட்டத் தறி வித்தவங்க நல்லா இருந்திருப்பாங்கன்னு சொல்றாங்க."

மூன்றாம் நாள் ஊரே வழக்கத்தைவிடச் சீக்கிரம் சாப்பிட்டு, வழக்கத்தைவிட அழுத்தமாகக் கண்ணை மூடித் தூங்கியது, கல்லுக்குத் தொந்தரவு ஆகிவிடக் கூடாது என்று குழந்தைகளின் வாயில் மிட்டாய் போட்டு வைத்தார்கள். எழுந்தபோது படி இருந்தது. மூன்றாம் வாரமும் அப்படியே தூங்கி எழுந்தார்கள். படி இருந்தது. கோபப்பட ஆளில்லாமல் நான் தண்ணீர்ப் பாலத்தின் அடியில் போய் உட்கார்ந்து, காலி வாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தெய்வாத்தாவிடம் மறைத்துப் பயனில்லை. போனில் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று காதைக் கொஞ்சம் தள்ளியே வைத்திருந்தேன். நீளமாக ஒரு மூச்சு மட்டும் கேட்டது.

"அந்த ஊர்ல கல்லுக்கெல்லாம் பொறந்த எடத்துக்குப் போகோணும்னு தோணுது," என்றாள். "இவனுக்குத் தோணுல. எனக்கும் அந்தக் கல்லுக்கும் ஆரு பெரியவன்னு போட்டி போட்டுட்டு ஒக்காந்திருந்தா என்ற கண்ணு காத்திருக்குமா. நானே வாறேனுங்க."

முப்பத்தைந்து வருடம் என்னால் படியாத பேரம்.

"கேக்குதுங்களா?"

"கேக்குது புள்ள."

"அவன்கிட்டச் சொல்லாதீங்க. அக்கா எறங்கி வந்துட்டாள்னு அவன் நெனச்சுக்கப்படாது."

விசா, டாக்டர் சீட்டு என்று இழுத்துக்கொண்டு போய், அவள் வந்து சேர்ந்தபோது திராட்சை பறித்து முடித்திருந்தார்கள். விமான நிலையத்திலிருந்து ஒரு வாடகைக் காரில் கூட்டி வந்தேன். வளைவுக்கு முன்னால் இறங்கி நடந்துதான் வருவேன் என்றாள். அவள் பார்வை அதற்குள் சாவித் துவாரம் அளவுக்குச் சுருங்கியிருந்தது. ஒரு பொருளைப் பார்க்கவேண்டுமென்றால் தலையைத் திருப்பித் திருப்பித் தேடிப் பிடிக்கவேண்டும். வளைவின் கீழே வந்ததும் தலையை நிமிர்த்தினாள். உச்சியில் கல் இல்லாத அந்த இடம் அவள் பார்வைக்குள் சரியாக அடங்கியிருக்க வேண்டும்.

"அவடத்தால வானம் தெரியுது," என்றாள். "அந்தக் கல்லுத்தானா?"

"அதுதான்."

"பாவம்," என்றாள், யாரைச் சொன்னாள் என்று எனக்குத் தெரியவில்லை.

நாச்சிமுத்து வாசலில் தக்காளி உலர்த்திக்கொண்டிருந்தான். சேலைக் கரையைத்தான் முதலில் பார்த்தான். அவன் எழுவதற்குள் அவள் போய் அவன் தாடையை ஒரு கையால் பிடித்துவிட்டாள். அவன் முகத்தை மொத்தமாகப் பார்க்க அவளுக்கு முடியாது, அதனால் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தன் வெளிச்சத்துக்குள் கொண்டுவந்தாள். நெற்றி, ஒரு புருவம், இன்னொரு புருவம், சின்ன வயதில் மாடு முட்டிய தழும்பு, மூக்கு. அவன் அசையாமல் நின்றான். கண்ணுக்கு வந்தபோது அவன் கண் நனைந்திருந்தது, அவள் அங்கே நிற்காமல் கீழே போனாள்.

"மூக்கு நம்மப்பன் மூக்கு, அப்படியே இருக்குது. மீசைய எவடா எடுக்கச் சொன்னா?"

"அசுந்தாவுக்குக் குத்துதுன்னு சொன்னாக்கா."

"நல்லா இருந்தாளா உன்னோட?"

"இருந்தாக்கா."

"அப்பச் சரி," என்றாள் தெய்வாத்தா. முப்பத்தைந்து வருடக் கோபம் அவ்வளவுதான், வாய் கொப்பளித்துத் துப்பியதுபோலப் போய்விட்டது. எனக்குத்தான் அதை நம்பக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அவன் சோறு வடித்துப் பருப்புக் கடைந்தான். அக்கா உப்பு கம்மி என்றாள், ரெண்டாவது தடவை போட்டுக்கொண்டாள். பிறகு ஊர் சாத்திக்கொண்டது, நாங்களும் சாய்ந்தோம். பிரயாண அலுப்பில் தெய்வாத்தாவுக்குத் தூக்கம் வரவில்லை. ஊரின் மரியாதைகளை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை, சொல்ல எனக்குத் தோன்றவும் இல்லை. அவள் எழுந்து போய், காற்று வருகிற இடம் அதுதான் என்று, வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள். நான் பாயில் கிடந்தபடி அவள் முதுகைப் பார்த்தேன். பார்க்கக் கூடாதே என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் மண் உதிர்கிற சத்தம். தெய்வாத்தாவின் குரல், தொழுவத்தில் மாட்டோடு பேசுகிற அதே குரலில், தாழ்வாக:

"எந்திரிக்கறயா சாமி? இரு இரு, நானும் எந்திரிச்சுக்கறேன். மெதுவா."

வளையல் குலுங்கியது. தெருவில் பாறை உரசுகிற ஓசை இல்லை, சுமையோடு நடக்கிற ஒருவர் அவசரமில்லாமல் நடந்து போகிற ஓசைதான் இருந்தது, அதுவும் தூரம் போகப் போகக் குறைந்தது. நான் கண்ணைத் திறக்கவில்லை. பக்கத்தில் நாச்சிமுத்துவும் திறக்கவில்லை, அவன் மூச்சை வைத்துத் தெரிந்தது, அவன் தூங்கவும் இல்லை.

ஊர் விழித்தபோது வளைவின் உச்சியில் வானம் தெரியவில்லை. எல்லாரும் போய் அண்ணாந்து பார்த்தார்கள், கை தட்டவில்லை, தொப்பியை எடுத்தவர்கள் எடுத்தார்கள். மலையிலிருந்து தண்ணீர் வந்ததா என்று சில பெண்கள் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு, வரவில்லை, பரவாயில்லை என்று திரும்பினார்கள். மூன்று என்பது என்ன என்று அன்றைக்குச் சாயங்காலம் கடைத்தெருவில் ஒரே வாக்குவாதம். வீட்டில் மூன்று பேர் சேரவேண்டும் என்று கேட்டிருக்கிறது, அதுதான் என்றார் பாதிரியார். பள்ளி வாத்தியார் ஏதோ விண்மீன் கணக்குச் சொன்னார். சோற்றை மூன்று தட்டில் பரிமாறியது போதும் என்றாள் தோனாட்டா. நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. பேரம் பேசியவன் நான். எனக்கே தெரியாததை இவர்கள் எப்படிச் சொல்லலாம்.

தெய்வாத்தா என்ன பார்த்தாள் என்று எல்லாரும் தெரிந்துகொள்ளத் துடித்தார்கள், கேட்பது நாகரிகமில்லை என்பதால் யாரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். "போச்சு, பாத்தேன்," என்றாள். அதற்குமேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை.

படி இருந்த இடத்தில் ஈர மண்ணும் ஒரு மண்புழுவும் இருந்தன. தோனாட்டா செங்கல்லும் கலவையும் கரணையும் கொண்டுவந்து வைத்தாள். வழக்கப்படி வீட்டு ஆள்தான் முதல் கல்லை வைக்கவேண்டும். நாச்சிமுத்து முட்டி போட்டு உட்கார்ந்தான். அவனுக்கு எதிரே, வாசலுக்கு வெளியே, அவன் அக்கா இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"இனி என்னடா சாக்கு?"

அவன் வரிசை பிசகாமல், அவசரப்படாமல், செங்கல்லை ஒவ்வொன்றாக வைத்துக் கலவை பூசி, மேலே தடவித் தடவி மட்டம் பார்த்தான். அந்த வீட்டுக்கு அவன் செய்கிற கடைசி வேலை என்பதால் யாரும் அவசரப்படுத்தவில்லை, நான்கூட. முடிந்ததும் கரணையைக் கழுவித் தோனாட்டாவிடம் கொடுத்தான். சாவியையும் அதோடு கொடுத்தான். அவள் வாங்கிக்கொண்டு அவன் ரெண்டு கன்னத்திலும் முத்தமிட, என் மனைவிக்கு அது அந்தச் சின்ன வெளிச்சத்துக்குள் தெரிந்துவிட்டது, ஆனாலும் ஒன்றும் சொல்லவில்லை.

பஸ்ஸுக்கு நடக்கும்போது அவன் அக்காவின் பையைத் தன் தோளுக்கு மாற்றிக்கொண்டான்.

"அக்கா, பிளேன்ல சன்னலோரம் நீ உக்காந்துக்க. மேகமெல்லாம் பக்கத்துலயே வரும், பாக்கலாம்."

"எனக்கு எதுக்குடா மேகம்," என்றாள் தெய்வாத்தா. "சன்னல்ல நீ உக்காரு. வெளிச்சம் உம்மூஞ்சில விழுகோணும்."